பதக்கமும் நடுகல்லும்

வீரனைப் பாடுவது தமிழுக்குப் பழைய வழக்கு. போரில் பட்டவனுக்குக் கல் நாட்டி, பெயரும் பீடும் எழுதி வழிபட்ட மரபைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துள்ளது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நாட்டிய பின் வாழ்த்துவது வரையில் ஆறு துறைகளை அந்நூல் நிரல்பட எடுத்துரைக்கிறது. இத்தகைய மரபில் வந்தோர், தாம் வாழும் மண்ணில் நிகழ்ந்த அண்மைக் காலப் போர் ஒன்றையும் அதில் மாண்ட வீரன் ஒருவனையும் எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் வினா இலக்கியத் திறனாய்வுக்கு உரியதேயாகும். அவ்வீரன் தமிழன் அல்லன். மலாயாவில் பிறந்தவனும் அல்லன். ஆயினும் அவன் உயிர் நீத்த இடம் கெடா மாநிலத்தின் தலைநகராகிய அலோர்ஸ்டார். ஆதலின் அவன் கதை இந்நாட்டுத் தமிழ் மாணவர்க்கும் உரிய கதையாகிறது.

அவ்வீரர் ஆர்தர் ஸ்கார்ப். பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 62-ஆம் அணியைச் சேர்ந்தவர். அவர் ஓட்டியது போர் விமானம் அன்று. பிளென்ஹைம் எனப்படும் இலகுரகக் குண்டுவீச்சு விமானமே. இதனைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நலம். அன்றைய வடமலாயாவில் போர் விமானங்களும் இருந்தன. சுங்கைப்பட்டாணி விமானத்தளத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 21-ஆம் அணி பபலோ வகைப் போர் விமானங்களோடு நிலைகொண்டிருந்தது. அவ்வகை விமானங்கள் ஜப்பானிய விமானங்களுக்கு ஈடு கொடுக்க இயலாதவை என்பதும், அத்தளம் சில நாள்களுக்குள் கைவிடப்பட்டது என்பதும் வரலாறு.

நிகழ்ந்தது யாது?

ஸ்கார்ப் 1913-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்தின் விம்பிள்டனில் பிறந்தவர். போருக்கு முன்பே விமானப்படையில் சேர்ந்து, பின்னர் மலாயாவிற்கு அனுப்பப்பட்டார். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தாபாருவிலும் சயாமின் சிங்கோரா, பட்டாணி ஆகிய கரைகளிலும் இறங்கின. அன்றே வடமலாயாவின் விமானத்தளங்கள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. மறுநாள், டிசம்பர் 9 அன்று, பட்டர்வொர்த் தளத்தில் எஞ்சியிருந்த விமானங்கள் அனைத்தும் ஒன்றுதிரண்டு பகலொளியிலேயே சிங்கோராவைத் தாக்க வேண்டும் என ஆணை பிறந்தது. ஸ்கார்ப்பின் விமானம் முதலில் மேலெழுந்தது. அது எழுந்த சில நொடிகளில் ஜப்பானிய விமானங்கள் தளத்தின் மீது பாய்ந்தன. தரையில் புறப்படக் காத்திருந்த ஏனைய விமானங்கள் எரிந்தும் சிதைந்தும் போயின.

வானில் வட்டமிட்டபடி இவ்வழிவைக் கண்ட ஸ்கார்ப் திரும்பியிருக்கலாம். அணியாகச் செய்ய வேண்டிய தாக்குதலைத் தனியாகச் செய்யும்படி எவரும் அவருக்கு ஆணையிடவில்லை. ஆயினும் தம் இரு துணைவரோடு அவர் தனி விமானமாகவே சிங்கோரா சென்றார், குண்டு வீசினார். எதிரிப் போர் விமானங்கள் பல அவரைச் சூழ்ந்து தாக்கின; மலாயா எல்லை வரையில் துரத்தின. இடக்கை சிதைந்து, முதுகிலும் பெரும் புண்பட்ட நிலையில், பின்னிருந்து தாங்கிப் பிடித்த துணைவர் ஒருவரின் உதவியால் அவர் விமானத்தைச் செலுத்தினார். பட்டர்வொர்த் வரையில் செல்ல இயலாமையால் அலோர்ஸ்டாரில் தரையிறக்கினார். துணைவர் இருவர்க்கும் சிறு காயமும் இல்லை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஸ்கார்ப் அன்றே இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. தைப்பிங் போர்க் கல்லறையில் அவர் அடக்கம் பெற்றுள்ளார்.

போரின் குழப்பத்தால் இச்செய்தி நெடுநாள் மேலிடத்தை எட்டவில்லை. போர் முடிந்த பின், 1946 ஜூன் திங்களில்தான் பிரிட்டனின் உயர்ந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த திங்களில் மன்னர் ஆறாம் ஜார்ஜிடமிருந்து அவர்தம் துணைவியார் அதனைப் பெற்றுக்கொண்டார். அப்பதக்கம் 2022-இல் ஏலத்திற்கு வந்து, 2023-இல் பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

விருதுரையும் மெய்க்கீர்த்தியும்

விருதோடு வெளியான அரச அறிக்கையை ஓர் இலக்கியப் பனுவலாகக் கொண்டு ஆராய்தல் பயனுடையது. நாளும் இடமும் முதலில் சொல்லப்படும். இடர்ப்பாட்டின் அளவு அடுத்து வரும். வீரன் செய்த செயல் அதன்பின் விரியும். இறப்பும் புகழும் இறுதியில் அமையும். வீரனின் பிறப்பு, வளர்ப்பு, அன்பு, அச்சம் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. இருபத்தெட்டு ஆண்டு வாழ்வு ஒரு பகற்பொழுதாகச் சுருங்கிவிடுகிறது. இது வாழ்க்கை வரலாறு அன்று, செயல் வரலாறு.

தமிழ் மாணவர்க்கு இவ்வடிவம் புதியதன்று. சோழர் காலத்து மெய்க்கீர்த்தியும் இவ்வாறே அமைந்தது. அதிலும் ஒரு வியப்பு உண்டு. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி புகழ்ந்துரைக்கும் வெற்றிகளுள் ஒன்று, 1025-ஆம் ஆண்டளவில் இதே கெடா மண்ணின்மேல், அதாவது கடாரத்தின்மேல், கடல்வழி நிகழ்ந்த படையெடுப்பாகும். கடாரத்தரசனை யானைப்படையோடு அகப்படுத்தியதையும், அவன் சேர்த்து வைத்த செல்வத்தையும் வாயில் தோரணத்தையும் கவர்ந்ததையும் அது பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறது. அந்நாளில் கடாரத்தில் வாழ்ந்த உழவரும் மீனவரும் என்ன ஆயினர் என்று அது சொல்லவில்லை. ஆகவே அயலார் எழுதிய விருதுரையில் எளிய மக்கள் இல்லை என்று குறை கூறுவோர், தம் முன்னோர் வடித்த மெய்க்கீர்த்தியிலும் அவர்கள் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே அதனைக் கூறுதல் வேண்டும்.

எனினும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மெய்க்கீர்த்தி வெற்றியைப் பாடுவது. ஸ்கார்ப்பின் விருதுரையோ, தனி விமானம் ஒன்று எதிரிக்குப் பெருஞ்சேதம் விளைவிக்க முடியாது என்பதை அவர் அறிந்தே சென்றார் என வெளிப்படையாகக் கூறுகிறது. தம் விமானங்கள் எரிவதைக் கையற்றுப் பார்த்து நின்ற தோழர்களின் நெஞ்சுறுதி குலையாதிருக்கவே அவர் சென்றார் என்பது அதன் கருத்து. பயன் சிறிது என்று தெரிந்தும் செய்த செயலைப் பயன் கொண்டு அளக்காமல் கருத்துக் கொண்டு அளக்கும் இப்பகுதியே அவ்வறிக்கையின் சிறந்த பகுதி எனலாம்.

தும்பையும் புறப்புண்ணும்

மண்ணாசைக்கோ ஆநிரைக்கோ அன்றி, வலிமையும் புகழுமே பொருளாகப் பொருவதைத் தும்பைத் திணை என்பர். தனியொருவன் பகைப்படைமேல் பாய்ந்து நல்லிசை பெறும் நிலையும் அத்திணையின் துறைகளுள் அடங்கும். ஸ்கார்ப்பின் செயலை இத்துறையில் வைத்து நோக்கின் அது இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் இலக்கணத்தைப் பொருத்திக் காட்டுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. பொருந்தாத இடமே ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவும்.

அவ்வாறு பொருந்தாத இடம் புண்ணின் இடமாகும். விழுப்புண் மார்பிலும் முகத்திலும் படுவது; புறப்புண் இழிவு. கரிகாலனோடு வெண்ணியில் பொருது புறப்புண் பட்ட சேர மன்னன் அதற்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். மகன் புறங்காட்டி மாய்ந்தான் எனக் கேட்ட முதியவள் ஒருத்தி வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டி, அவன் சிதைந்து கிடந்த நிலையைக் கண்டு, ஈன்ற பொழுதினும் பெரிதும் மகிழ்ந்ததைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியுள்ளார். இம்மரபில் தோய்ந்த ஒருவர் ஸ்கார்ப்பின் முதுகுப் புண்ணை எவ்வாறு பொருள் கொள்வார்?

வானப்போரில் முகமும் புறமும் என்ற பகுப்பே மாறிவிடுகிறது. எதிரி விமானம் பின்னிருந்து வருவதே அங்கு வழக்கு. இலக்கை அடைந்து குண்டு வீசிய விமானி, தன் துணைவரை உயிரோடு கொண்டு சேர்க்கும் பொருட்டுத் திரும்பியே ஆக வேண்டும். அவ்வாறு திரும்புதல் புறங்காட்டுதல் ஆகாது. சிங்கோராவை நோக்கிச் சென்றபோது ஸ்கார்ப்பிடம் விளங்கியது துணிவு. கெடாவை நோக்கித் திரும்பியபோது அத்துணிவோடு பொறுப்பும் சேர்ந்துகொண்டது. இரு துணைவரும் காயமின்றி இறங்கினர் என்னும் செய்தி குண்டுவீச்சினும் பெரிய செய்தி. சாகத் துணிந்தவரைப் பாடிய நாவுக்கு, சாகும் நிலையிலும் பிறரைச் சாகவிடாதவரைப் பாடப் புதிய துறையொன்று தேவைப்படுகிறது. பழைய அளவுகோலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது எட்டாத இடத்தை மாணவர்க்குக் காட்டினால் போதும்.

விடுபட்ட தொடாக்காஞ்சி

விருதுரை சொல்லாது விட்ட ஒன்று உண்டு. ஸ்கார்ப் கொண்டு செல்லப்பட்ட அலோர்ஸ்டார் மருத்துவமனையில் அவர் மனைவி தாதியாகப் பணியாற்றி வந்தார். அவர் அப்போது கருவுற்றிருந்தார். கணவரின் குருதி வகையும் தம் குருதி வகையும் ஒத்திருந்தமையால் அவர் தம் குருதியையே அளித்தார். அதுவும் கணவரைக் காக்கவில்லை.

புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காத்து நிற்பதைத் தொடாக்காஞ்சி என்று தொல்காப்பியம் தனித்துறையாக வகுத்தது. வேம்பின் தழையை மனையில் செருகி, யாழ் மீட்டி, ஐயவி சிதறி, காஞ்சிப் பண் பாடி, விழுப்புண் பட்டவனைக் காக்கும் பெண்டிரைப் புறநானூறு காட்டுகிறது. நிலையாமையைக் கூறும் காஞ்சித் திணையில் இத்துறையை வைத்தது பண்டையோரின் நுண்மாண் நுழைபுலம். போர் களத்தோடு முடிவதில்லை, வீட்டிலும் கட்டிலருகிலும் அது தொடர்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அரச அறிக்கை இதனை ஏன் விட்டது? பதக்கம் களத்துச் செயலுக்கு உரியது. கட்டிலருகு நிகழ்ச்சி அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பது விடையாகலாம். அவ்விடை அலுவலகத்திற்குப் போதும், இலக்கியத்திற்குப் போதாது. எஞ்சிய விமானத்தோடு சென்றவரின் துணிவும், எஞ்சிய குருதியைத் தந்தவரின் துணிவும் ஒரே பொழுதின் இரு பாதிகள். ஒரு பாதி பொன்னெழுத்தில் பொறிக்கப்பட, மறுபாதி செவிவழியாகவும் குடும்ப நினைவாகவும் வாழ நேர்ந்தது. ஸ்கார்ப்பின் வாழ்வைத் தமிழில் எழுதப் புகுவோர் தும்பையை மட்டும் எழுதாமல் தொடாக்காஞ்சியையும் எழுதின், ஆங்கில ஆவணம் தராத முழுமையை அவ்வெழுத்து பெறும்.

அதே வாரம், அதே ஊர்

ஸ்கார்ப் இறந்த சில நாள்களில் ஜித்ராவில் இந்தியத் துருப்புகள் நிறைந்த பதினோராவது இந்தியப் படைப்பிரிவு முறியடிக்கப்பட்டது. அலோர்ஸ்டார் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கு, அந்த டிசம்பர்த் திங்களின் நடுப்பகுதியில், பஞ்சாப் படையணி ஒன்றைச் சேர்ந்த கேப்டன் மோகன்சிங், ஜப்பானிய அதிகாரி புஜிவாராவையும் கியானி பிரீதம்சிங்கையும் சந்தித்தார். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து அவ்வூரில்தான் ஊன்றப்பட்டது. 1943-இல் நேதாஜி சுபாஸ் சந்திரபோஸ் தலைமை ஏற்ற பின், தோட்டப்புறத்துத் தமிழ் இளைஞர் அப்படையில் திரண்டனர். தமிழ்ப் பெண்டிர் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர்.

ஒரே ஊர் ஒரே வாரத்தில் வீரம் என்ற சொல்லுக்கு இரு பொருள் தந்தது. ஒரு பேரரசின் பொருட்டு உயிர் கொடுத்தது ஒன்று. அப்பேரரசை எதிர்க்கப் படை திரட்டியது மற்றொன்று. இவற்றுள் ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்துவது எளிய வழி. கெடாவில் பிறந்து வளர்ந்த மாணவர்க்கு அவ்வெளிய வழி உதவாது. அவர் வாழும் மண்ணில் இரண்டும் நிகழ்ந்தன.

இவற்றோடு மூன்றாவதொன்றையும் நினைத்தல் வேண்டும். 1941 டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் குண்டுவீச்சுக்கும் படையெடுப்புக்கும் நடுவே கைவிடப்பட்டனர். திரும்பிப் போகக் காரணம் இருந்தும் போகாத ஒரு விமானியையும், காக்க வேண்டிய கடமை இருந்தும் காக்காத ஓர் ஆட்சியையும் அதே திங்கள் கண்டது. தனி மனிதரின் தியாகம் ஆட்சியின் தவற்றை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. ஆட்சியின் தவற்றைச் சுட்டுவோர் அத்தனி மனிதரை மறுக்கவும் வேண்டியதில்லை.

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டி வாழ்ந்த தமிழருக்குப் பின் வந்த ஆண்டுகள் கொடியவை. அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. 1943-இல் கெடா சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். 1942 முதல் 1943 வரை இடப்பட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். அங்கு இறந்த நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய பெயர் வரிசை இல்லை. நடுகல் மரபைக் கண்ட இனத்தின் மக்கள் நெடுங்காலம் கல்லின்றிக் கிடந்தனர் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்தும் முரண்பாடாகும்.

புனைகதையே நடுகல்

நெடுங்காலம் கல் நாட்டாதிருந்த குறையை இந்நாட்டுத் தமிழ்ப் புனைகதை ஓரளவு நிறைவு செய்துள்ளது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அப்பாதையில் மடிந்த தோட்ட மக்களைப் பொருளாகக் கொண்டவை. பின்னவரின் 'இமையத் தியாகம்' இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றியது. 'நினைவுச் சின்னம்' என்ற பெயரே ஒரு நடுகல்லைச் சுட்டுவதை மாணவர் உணர்தல் தகும். தமிழகத்திலிருந்து வந்து போர்க்காலத்தை இத்தீவுகளில் கழித்த ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி', வீரச் செயல்களை விறுவிறுப்பாகக் கூறிக்கொண்டே பழம்பெருமை பேசும் தமிழ் மனத்தை எள்ளி நகையாடவும் செய்கிறது. வீரத்தைப் போற்றவும் ஐயுறவும் ஒருசேரக் கற்றுக்கொடுத்த நூல் அது.

இந்நாவல்களின் வலிமை கூட்டத்தைப் பாடுவதில் உள்ளது. விருதுரையின் வலிமை தனியொருவரைப் பாடுவதில் உள்ளது. ஒன்றுக்கு மற்றொன்றிடம் கற்க வேண்டியது உண்டு. தொண்ணூறாயிரம் என்னும் தொகை திகைப்பைத் தருமேயன்றி ஒரு முகத்தைத் தருவதில்லை. விருதுரை ஒருவரின் ஒரு நாளை நொடி நொடியாக எழுதுகிறது. எப்போது எழுந்தார், எதைக் கண்டார், எங்கே திரும்பினார் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. இத்தகைய நுணுக்கம் ஒரு பால்வெட்டுக்காரரின் ஒரு நாளுக்கும் கிடைத்தல் வேண்டும். எந்தப் பெரட்டில் அவர் பெயர் கூப்பிடப்பட்டது, எந்த இரயில் நிலையத்தில் அவர் ஏற்றப்பட்டார், லயத்தில் யார் அவருக்காகக் காத்திருந்தார் என்பன எழுதப்பட்டாலன்றி அவருக்குரிய கல் எழும்பாது.

வகுப்பறைக்குரியது

ஆசிரியர்க்கு இதனால் விளையும் பயன் யாது? புறத்திணையைப் பழங்காலத்துப் பொருளாக மட்டும் கற்பிக்கும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. தும்பை, காஞ்சி என்னும் பெயர்களை மாணவர் மனனம் செய்கின்றனர்; தேர்வில் எழுதுகின்றனர்; மறக்கின்றனர். அலோர்ஸ்டாரின் ஒரு டிசம்பர் நாளை அவர்கள்முன் வைத்து, இதில் தும்பை எது, தொடாக்காஞ்சி எது, புறப்புண் என்னும் கருத்து எங்கே பொருந்தாது போகிறது என்று வினவின், இலக்கணம் அவர்தம் ஊரின் மொழியாகிவிடும். மாணவர் தம் பாட்டன் பாட்டியரைப் பற்றிக் குடும்பத்தில் வழங்கும் ஜப்பானியர் காலச் செய்திகளைக் கேட்டு எழுதி வரச் செய்யின், எழுதப்படாத விருதுரைகள் பல எழுதப்படும். அக்காலத்தை நேரில் கண்டோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். கேட்டவர் வாய்ச்சொல்லும் காலத்தோடு தேயும்.

ஸ்கார்ப்புக்குத் தைப்பிங்கில் பெயர் பொறித்த கல் இருக்கிறது; அது இருத்தல் வேண்டும். அவர் பெற்ற சிறப்பைக் குறைத்துத் தோட்டத் தமிழரின் சிறப்பைக் கூட்ட இயலாது. அவர் ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட அளவு கருத்தோடு, பெயரின்றி மறைந்தோருள் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுத முயல்வதே செய்யத்தக்கது. அப்பணிக்கு வேண்டிய இலக்கணம் தமிழில் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. பெயர்களைத் தேடிச் சேர்க்கும் உழைப்புத்தான் எஞ்சியுள்ளது.